கையடக்க ஏஜென்ட் கருவி: தனியாக ஒன்று வேண்டுமா, கையிலுள்ள போனே போதுமா?

வந்தாறுமூலை மாணவி:
ஏஜென்ட், அதாவது நம் சார்பில் வேலைகளைத் தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள், உள்ள கையடக்கக் கருவியான ரபிட் நிறுவனத்தின் ஆர்1ஐ வாங்கலாமா என்று எங்கள் வகுப்பில் ஒரு மாதமாகப் பேசிவருகிறோம். வாங்கலாம் என்பது என் பக்கம். 2024 ஜனவரியில் 199 டொலர் விலையில் அதை அறிவித்தபோது, நாம் வாயால் சொல்லும் வேலையைச் செயலிகளுக்குள் புகுந்து தானே முடித்துத் தரும் என்றார்கள். கைக்கு வந்தபோதோ ஊபர், டோர்டாஷ், ஸ்பொட்டிஃபை, மிட்ஜேர்னி என்னும் நான்கு சேவைகளோடு மட்டுமே இணைந்திருந்தது. அவற்றுள் உணவு கொண்டுவந்து தரும் டோர்டாஷ் இலங்கையில் இயங்குவதே இல்லை. ஆயினும் அது அங்கேயே தேங்கிவிடவில்லை. 2024 நவம்பரில், ஓர் இணையத்தளத்தில் ஒரு வேலையை நாம் ஒருமுறை செய்துகாட்டினால் பின்னர் அதைத் தானே செய்ய முயலும் 'கற்பித்தல்' வசதி சோதனை நிலையில் வந்தது. 2025 செப்டெம்பரில் வெளியான ரபிட் ஓஎஸ் 2, நமக்கு வேண்டிய சிறு கருவிகளைச் சொல்லியே உருவாக்கிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. அதே வன்பொருள்தான், மென்பொருள் மட்டுமே மாறியது. 2025 மே மாதத்தில் சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, ஐபோனை வடிவமைத்த ஜோனி ஐவ் தொடங்கிய ஐஓ என்னும் கருவி வடிவமைப்பு நிறுவனத்தை ஏறத்தாழ 650 கோடி டொலர் பெறுமதியில் வாங்குவதாக அறிவித்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வழியில் இன்னும் பல கருவிகள் வரவிருக்கின்றன என்பது என் எண்ணம். இப்போதே பழகிக்கொள்வதில் என்ன தவறு?

கல்லடி போன் திருத்துநர்:
தங்கச்சி, பழகுவதில் தவறில்லை, காசு கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்பதில்தான் எனக்குத் தயக்கம். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஏறத்தாழ 60,000 ரூபாய் வருகிறது, வரியும் அனுப்புகூலியும் அதற்கு மேலே. அந்த விலைக்குக் கிடைப்பது 2.88 அங்குலத் திரை, மீடியாடெக் ஹீலியோ பி35 புரொசெசர், 4 ஜிபி நினைவகம், 1000 மில்லி அம்பியர் மணி பற்றரி. என் மேசைக்குத் திருத்த வரும் சாதாரணப் போன்களில் 5000 பற்றரி இருக்கிறது. ஆர்1 இயங்குவது அண்ட்ரொய்டின் மேல்தான். 2024 ஏப்ரல் முடிவில் அதன் மென்பொருளைப் பிரித்தெடுத்து கூகிளின் பிக்சல் போன் ஒன்றில் ஓடவிட்டே காட்டினார்கள். தமது சேவையகம் இல்லாமல் அது முழுமையாக இயங்காது என்று நிறுவனம் மறுமொழி சொன்னது. அந்த மறுமொழியைத்தான் நான் அஞ்சுகிறேன், ஏனென்றால் மூளை முழுவதும் சேவையகத்தில் இருக்கும்போது நம் கையில் இருப்பது அதன் வாசற்கதவு மட்டுமே.

ஹியூமேன் நிறுவனத்தின் 'ஏஐ பின்' என்னும், சட்டையில் அணியும் கருவியை நினைத்துப் பாருங்கள். 699 டொலர் கொடுத்து, அதற்கு மேல் மாதம் 24 டொலரும் கட்டியவர்களுக்கு, 2025 பெப்ரவரி 18 அன்று ஓர் அறிவித்தல் வந்தது. எச்பி நிறுவனம் ஹியூமேனின் சொத்துகளை 11.6 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது, அதே மாதம் 28ஆம் திகதியோடு சேவையகம் நின்றது. பத்தே நாள் அவகாசம். அதன்பின் அந்தக் கருவியால் ஓர் அழைப்பைக்கூட எடுக்க முடியவில்லை. பற்றரி போனால் மாற்றித் தருவேன், திரை உடைந்தால் ஒட்டித் தருவேன். கடல் கடந்து அணைந்துபோன சேவையகத்தை என்னால் எப்படித் திருத்த முடியும்?

வந்தாறுமூலை மாணவி:
அண்ணன், ஹியூமேன் விழுந்தது என்பதற்காக எல்லாம் விழும் என்று கொள்ள முடியாது. அது மூடப்பட்ட அதே ஆண்டில்தான் ஆர்1 புதிய இயங்குதளத்தைப் பெற்றது, அதற்கு மாதக் கட்டணமும் இல்லை. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மின்னஞ்சலும் படச் சேமிப்பும் பிறருடைய சேவையகத்தில்தானே இருக்கின்றன?

கல்லடி போன் திருத்துநர்:
மின்னஞ்சல் என் பெயரில் தானாக எதையும் எழுதி அனுப்புவதில்லை, ஏஜென்ட் அனுப்பும். அதற்காக நம் கணக்குகளுக்குள் நுழைந்து, அந்த நுழைவைத் திறந்தபடியே வைத்துவிட்டு வருகிறோம். 2024 ஜூனில் ரபிடின் மென்பொருளுக்குள்ளேயே பிற சேவைகளின் இரகசியத் திறவுகோல்கள் எழுதப்பட்டிருந்ததை ஒரு குழுவினர் வெளிப்படுத்தினார்கள். அடுத்த மாதம், கருவி சொன்ன பதில்கள் அதற்குள்ளேயே பதிவாகிக் கிடந்ததையும், விற்கும்போது எல்லாவற்றையும் அழித்துவிடும் வசதி அதுவரை இல்லாதிருந்ததையும் நிறுவனமே ஒப்புக்கொண்டு சரிசெய்தது. சரிசெய்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பழைய போன்கள் கைமாறும் ஒரு மேசையில் இருந்துகொண்டு இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. முன்னைய உரிமையாளரின் படங்களோடும் செய்திகளோடும் வந்த போன்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

சம்மாந்துறை வயல்காரன்:
இருவரும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஓர் ஏஜென்ட் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். நமது பக்கத்தில் காணி பெரும்பாலும் பெண்களின் பேரில் இருக்கும் என்பது தெரியுமல்லவா, எங்களுடைய வயலும் உம்மாவின் பேரில்தான். சென்ற பெரும்போகத்தின்போது ஒரு விண்ணப்பத்தை நிரப்ப, மகன் தன் மடிக்கணினியில் இப்படியான ஓர் ஏஜென்டிடம் உறுதிப் பத்திரத்தின் படத்தைக் கொடுத்தான். பத்திரத்தில் 2 ஏக்கர் 1 றூட் என்றிருந்ததை அது 2.1 ஏக்கர் என்று எழுதி, எங்களைக் கேட்காமலே அனுப்பியும் விட்டது. அதைத் திருத்த நான் மூன்று நாள் அலைந்தேன், வரம்பு கட்ட வேண்டிய நாள்கள் அவை.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்:
4 றூட் ஓர் ஏக்கர், 40 பேர்ச் ஒரு றூட். ஆகவே அது 2.25 ஏக்கர், காகிதத்தில் 24 பேர்ச் காணாமற் போயிருக்கிறது. நூறு பங்காகவும் பத்துப் பங்காகவும் எண்ணிப் பழகிய இயந்திரம் நமது அளவை முறையில் இடறுவது இயல்பே. எனக்குக் கவலை தருவது அந்தப் பிழையைவிட அது கேட்காமல் அனுப்பியதுதான்.

கல்லடி போன் திருத்துநர்:
வயல்கார நானா சொன்னதைத்தான் நான் வன்பொருள் வழியாகச் சொல்லவந்தேன். ஏஜென்ட் அனுப்புமுன் நாம் பார்க்க வேண்டுமென்றால், இருபது கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தை 2.88 அங்குலத் திரையில் எப்படிப் பார்ப்பது? செய்யும் வேலை பெருகப் பெருக, அதைச் சரிபார்க்கும் இடமும் பெருக வேண்டும். இந்தக் கருவிகளோ வேலையைப் பெருக்கிவிட்டுத் திரையைச் சுருக்குகின்றன. மாரி வெள்ளத்தில் கிரான் பக்கம் வீதி மூழ்கி இணைப்பும் போய்விடும் நாளில் அந்தத் திரையில் என்ன தெரியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சம்மாந்துறை வயல்காரன்:
அங்கே நான் உங்களோடு முழுதும் உடன்படவில்லை. மகன் பார்த்தது பெரிய திரையில்தான், பிழை அவன் கண்ணில் படவில்லை. உம்மாவுக்கோ கண் மங்கல், எந்தத் திரையானாலும் ஒன்றுதான். ஆனால் "இரண்டு தசம் ஒன்று ஏக்கர்" என்று யாராவது வாய்விட்டு வாசித்திருந்தால், "அது என்ன கணக்கு?" என்று அவர் உடனே மறித்திருப்பார். அந்த வயலின் ஒவ்வொரு வரம்பையும் நடந்து அறிந்தவர் அவர்.

வந்தாறுமூலை மாணவி:
நானா, நீங்கள் சொன்ன இதை என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பேசுவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்த கருவியின் பயன் அங்கேதான் இருக்கிறது. நிரப்பியதை வரி வரியாக வாசித்துக்காட்டி, உரியவர் பொத்தானை அழுத்தும்வரை அனுப்பாமல் நிற்க வேண்டும். அண்ணன் சொன்ன திரைக் குறையையும் அது ஓரளவு தீர்க்கும்.

கல்லடி போன் திருத்துநர்:
தீர்க்கும், அதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு 60,000 ரூபாய்க் கருவி எதற்கு? எந்தப் பழைய அண்ட்ரொய்டு போனிலும் ஒலியைக் கூட்டும் பொத்தான் இருக்கிறது. செயலி திறந்திருக்கும்போது அதையே சம்மதப் பொத்தானாக்கலாம். இன்னொன்று, இணையப் பக்கத்தில் ஒளித்துவைத்த வாசகம் ஏஜென்டைத் திசைதிருப்பும் தாக்குதலை, இவ்வகை மென்பொருள்களின் ஆபத்துப் பட்டியலில், மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு முதலாவதாக வைத்திருக்கிறது. ஆகவே வங்கிக் கணக்கை இதற்குள் விடக்கூடாது என்பதில் நான் இறங்கிவர மாட்டேன்.

வந்தாறுமூலை மாணவி:
வங்கியை விட்டுவிடுகிறேன். தனிக் கருவிக்கு எதிர்காலம் உண்டு என்னும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் இந்த ஆண்டு வாங்கப் போவதில்லை. படிவத்தைத் தமிழில் வாசித்துக்காட்டி, சம்மதம் கேட்டு நிற்கும் பகுதியை மட்டும் முதலில் ஒரு போனில் செய்துபார்க்கிறேன். நானா, அந்த விண்ணப்பத்தின் நிரப்பாத பிரதி ஒன்று கிடைக்குமா?

சம்மாந்துறை வயல்காரன்:
தருகிறேன், தங்கச்சி. உம்மாவிடமும் கேட்டேன். ஏக்கர், றூட், பேர்ச் மூன்றையும் தனித்தனியாக, மெதுவாக வாசிக்க வேண்டுமாம். எல்லைக் காணிக்காரரின் பெயரையும் சேர்த்து வாசித்தால்தான் எந்த வயல் என்று தனக்கு உறுதியாகும் என்கிறார்.

கல்லடி போன் திருத்துநர்:
திரை கீறிய போன் ஒன்று கடையில் கிடக்கிறது, பொத்தான்கள் நன்றாக வேலை செய்கின்றன. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி, காசு வேண்டாம். முன்னையவரின் தரவை நான் அழித்துவிட்டேன்; நீங்களும் ஒருமுறை அழித்துவிட்டே தொடங்குங்கள்.