காலை அரை மணி நேரத்துக்கு 1950களின் ராக் அண்ட் ரோல்: எந்தப் பதிவு, எந்த வரிசை?

திருச்சி_மலர் கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 83 வயது. பள்ளி நாள்களில் ரேடியோ சிலோனின் ஆங்கில ஒலிபரப்பில் எல்விஸ், ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட் என்று கேட்டு வளர்ந்தவர். இப்போது காலையில் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்துப் பாட்டு காதில் விழுந்தால் முகம் தெளிகிறது. அதனால் தினமும் அரை மணி நேரம் போடலாம் என்று நினைக்கிறேன்.

ஃபோனில் கிடைக்கிற "கோல்டன் ஹிட்ஸ்" தொகுப்புகளைப் போட்டால், பாதிப் பாட்டுக்கு "இது அந்தப் பாட்டு இல்லை" என்கிறார். பாடுகிறவர் அதே ஆள்தான், வரிகளும் அதேதான். அப்பா சொல்வது சரியா? சரியென்றால் பழைய பதிவை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வரிசையில் போட்டால் நல்லது? அவர் காது மெஷின் வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

பழந்தட்டு:

அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அவர் காதை நம்புங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் மறுபதிவுகள்.

இதற்குக் காரணம் ஒப்பந்தம். பாடகர் ரெக்கார்டு கம்பெனி (லேபிள்) மாறும்போது பழைய டேப் பழைய கம்பெனியிடமே தங்கிவிடும். புதுக் கம்பெனி அதே பாட்டுகளை அவரையே வைத்து மறுபடி பாடவைத்து விற்கும். லிட்டில் ரிச்சர்டின் அசல்கள் 1955 முதல் ஸ்பெஷால்டி லேபிளுக்காகப் பதிவானவை; 1964இல் வீ-ஜே லேபிளில் மறுபடி பாடினார். ஜெர்ரி லீ லூயிஸின் அசல் சன் லேபிள், மறுபதிவு 1960களில் ஸ்மாஷ் லேபிள். சக் பெர்ரி செஸ் லேபிளில் பாடியவற்றை மெர்க்குரியில் மறுபடி பாடித் தொகுப்பு வந்தது 1967இல். எவர்லி சகோதரர்களுக்கு அசல் கேடன்ஸ், மறுபதிவு 1964இல் வார்னர். லூயிஸ், பெர்ரி இருவரின் மறுபதிவுத் தொகுப்புகளுக்கும் தலைப்பில் "கோல்டன் ஹிட்ஸ்" என்ற பெயர்தான் இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஒருமுறை சரிபாருங்கள்.

சரிபார்க்க ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். செயலியில் காட்டும் ஆண்டு பல நேரம் மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கும். லேபிள் பெயரைத் தேடுங்கள். அடுத்தது காதால் ஒரு சோதனை: ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். 1955–57 காலத்துப் பாட்டில் டிரம்ஸ் ஒரு காதிலும் கிட்டார் மறு காதிலும் தெளிவாகப் பிரிந்து வந்தால், அது மறுபதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வந்த சிங்கிள்கள் (தனிப்பாட்டுத் தட்டுகள்) மோனோ, அதாவது இரு காதிலும் ஒரே ஒலி. விதிவிலக்குகள் உண்டு, பட்டி ஹாலி 1958 அக்டோபரில் நியூயார்க்கில் நரம்புக் கருவிகளோடு பாடியவை உண்மையான ஸ்டீரியோ.

பட்டி ஹாலியிடம் வேறொரு சிக்கலும் இருக்கிறது. 1959 பிப்ரவரி 3இல் விமான விபத்தில் இறந்துவிட்டதால் அவருக்கு மறுபதிவு கிடையாது. ஆனால் அவர் வீட்டில் கிட்டாரோடு தனியாகப் பாடி வைத்திருந்த டேப்புகளின் மேல் பிற்பாடு வேறு கலைஞர்களை வாசிக்கவைத்து வெளியிட்டார்கள். மேல்பூச்சு இல்லாத பதிவும் கிடைக்கிறது. எனக்கு அதுதான் மேல்.

மூன்றாவது வகை போலி ஸ்டீரியோ. மோனோ டேப்பின் கனமான ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறு பக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து "ஸ்டீரியோ" என்று 1960களில் விற்றார்கள். எல்விஸின் ஆரம்பகால ஆல்பங்களுக்கும் இதைச் செய்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தால் இதுதான். ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் "மோனோ ஆடியோ" என்று இருப்பதைப் போட்டுப் பார்க்கலாம், ஓரளவுக்குத்தான் சரியாகும். இரு பக்க ஒலிக்கும் நேரம் சற்றே விலகியிருந்தால், சேர்க்கும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒலி உள்ளீடற்றுப் போகும். மோனோ பதிப்பைத் தேடுவதே நல்லது.

எல்விஸின் சன் லேபிள் பதிவுகளை அடையாளம் காண ஓர் எளிய குறி சொல்கிறேன். 1954–55இல் மெம்ஃபிஸ், 706 யூனியன் அவென்யூவில் சன் லேபிளின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இரண்டாவது டேப் மெஷின் ஒன்றை வைத்து எதிரொலி உண்டாக்கினார். டேப்பில் பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே டேப் நகரும் நேரம்தான் அந்த எதிரொலியின் இடைவெளி. இரண்டு அங்குல இடைவெளி, நொடிக்கு 15 அங்குல வேகம் என்றால் சுமார் 0.13 நொடி. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரே ஒரு குட்டி நிழல் விழும், நீளாது. 1955இன் "பேபி லெட்ஸ் ப்ளே ஹவுஸ்" கேட்டால் உடனே பிடிபடும். 1956 ஜனவரியில் ஆர்சிஏ லேபிளுக்காக நாஷ்வில்லில் "ஹார்ட்பிரேக் ஹோட்டல்" பதிந்தபோது அங்கே ஸ்டுடியோ கட்டடத்தின் நடைகூடத்தில் எழும் எதிரொலியைப் பயன்படுத்தினார்கள். அது பரந்து, நீண்டு கேட்கும்.

---

தாளக்கட்டு:

பதிவு விஷயத்தைப் பழந்தட்டு ஐயா முடித்துவிட்டார். நான் வரிசைக்கு வருகிறேன்.

இதில் எல்லாரும் செய்கிற தவறு, சோர்ந்திருப்பவரிடம் எடுத்தவுடன் "டூட்டி ஃப்ரூட்டி" போடுவது. மனம் இருக்கிற இடத்துக்கும் பாட்டு இருக்கிற இடத்துக்கும் தூரம் அதிகமானால் எரிச்சல்தான் வரும். இசைச் சிகிச்சையில் இருப்பவர்கள் முதலில் ஆளின் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, படிப்படியாக வேகத்தை ஏற்றுவார்கள். அதையே செய்யுங்கள்.

இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து இரண்டரை நிமிடம். அரை மணி நேரத்துக்கு 11 அல்லது 12 போதும்.

முதல் மூன்று நான்கு பாட்டு மெதுவாக, இதமாக இருக்கட்டும். ஃபேட்ஸ் டாமினோவின் "புளூபெர்ரி ஹில்" (1956) சரியான தொடக்கம். பியானோவின் வலக்கை ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து அலைபோல் வாசிக்கும், அவசரமே இராது. பிறகு எவர்லி சகோதரர்களின் "ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்" (1958). பட்டி ஹாலியின் "எவ்ரிடே" (1957) அடுத்து வரட்டும். அதில் டிரம்ஸ் இல்லை, டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் தன் தொடையில் தட்டுகிறார். மணிபோல் ஒலிப்பது செலஸ்டா என்ற கீபோர்டு வாத்தியம்.

நடுவில் ஃபேட்ஸ் டாமினோவின் "எயின்ட் தட் எ ஷேம்" (1955), பட்டி ஹாலியின் "தட்'ல் பி தி டே" (1957), கார்ல் பெர்கின்ஸின் "புளூ ஸ்வேட் ஷூஸ்" (1956). உச்சத்தில் சக் பெர்ரியின் "ஜானி பி. கூட்" (1958), பில் ஹேலியின் "ராக் அரவுண்ட் தி கிளாக்" (1954இல் பதிவு), அதற்கப்புறம் "டூட்டி ஃப்ரூட்டி" (1955). கடைசிப் பாட்டில் இறக்கிவிடுங்கள். சாம் குக்கின் "யூ செண்ட் மீ" (1957) பொருந்தும். உச்சத்திலேயே சட்டென்று நிறுத்தினால் அறை வெறிச்சென்று ஆகிவிடும்.

வேறு பாட்டுச் சேர்க்க வேண்டுமானால் வேகத்தை நீங்களே அளக்கலாம். 15 நொடி காலைத் தட்டி எண்ணி நான்கால் பெருக்குங்கள். "ஜானி பி. கூட்" சுமார் 170 வரும். 85 வந்தால் நீங்கள் ஒன்று விட்டு ஒன்று எண்ணியிருக்கிறீர்கள்.

கை தட்டச் சொல்லுங்கள், நான்கு தட்டுச் சுற்றில் 2, 4ஆம் தட்டில். சமத்தில் தட்டிப் பழகிய நம் கை தானாக 1, 3இல்தான் விழும். அப்படித் தட்டினால் பாட்டு கனத்து நடக்கும். 2, 4க்கு மாற்றிய உடனே உட்கார்ந்திருப்பவர் தோள் அசையும். ஸ்னேர் டிரம் விழும் இடம் அதுதான். நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசாவின் ஸ்டுடியோவில் லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்த ஏர்ல் பாமர், அதுவரை இருந்த ஊஞ்சல் நடையை (தட்டுகள் நீளமும் குட்டையுமாக அசைவது) விட்டுவிட்டு, ரிச்சர்டின் வலக்கை பியானோவில் இடிக்கிற சமமான எட்டுத் தட்டோடு சேர்ந்துகொண்டார். சக் பெர்ரியின் பதிவுகளில் கிட்டார் நேராக ஓடும், டிரம்ஸ் கொஞ்சம் ஊஞ்சலாடும். இரண்டும் உரசுகிற அந்த இடத்தில்தான் உந்துதல் பிறக்கிறது. மறுபதிவுகளில் பல நேரம் வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே நேர்கோட்டில் வாசித்துவிடுவார்கள். அப்பாவுக்கு "அந்தப் பாட்டு இல்லை" என்று படுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பன்னிரண்டு பார் (நான்கு தட்டு ஒரு பார்) வடிவத்தையும் அவரோடு எண்ணிப் பாருங்கள். நான்கு பார் வீட்டுச் சுரத்தில் (பாட்டின் ஆதாரச் சுரம்), இரண்டு நாலாம் சுரத்தில், இரண்டு வீட்டில், ஒன்று ஐந்தாம் சுரத்தில், ஒன்று நாலில், மறுபடி இரண்டு வீட்டில். 170 வேகத்தில் ஒரு சுற்று 17 நொடி. அடுத்து எங்கே போகும் என்று மனம் முன்கூட்டியே அறிந்து, அறிந்த இடத்துக்கே பாட்டும் வந்து சேரும். திரும்பத் திரும்பக் கிடைக்கிற அந்தச் சிறு நிறைவுதான் இந்த இசை கொடுக்கிற நம்பிக்கை என்று நினைக்கிறேன்.

வரிகளெல்லாம் சந்தோஷமானவை அல்ல. "எயின்ட் தட் எ ஷேம்" காதலி விட்டுப்போனவன் பாடுவது. ஆனால் பாடுகிறவர் குரலில் சிரிப்பு இருக்கிறது, தாளம் ஆடச் சொல்கிறது. துக்கம் இல்லை என்று அது சொல்லவில்லை. துக்கத்தோடேயே எழுந்து நிற்கச் சொல்கிறது. அதனால் வரி பார்த்துப் பாட்டைத் தள்ளாதீர்கள். "ஹார்ட்பிரேக் ஹோட்டல்" மட்டும் காலைக்கு வேண்டாம். அதில் தாளமும் தனிமையையே சொல்கிறது. அவராகக் கேட்டால் போடுங்கள்.

---

மாலைநேரம்:

மேலே சொன்ன பட்டியலில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. உச்சத்தில் வரும் மூன்று பாட்டையாவது அப்பா தேர்ந்தெடுக்கட்டும். மற்றவர் அளந்து கொடுக்கும் உற்சாகத்தைவிடத் தானே கேட்டு வாங்கும் பாட்டு அதிகம் வேலை செய்யும்.

10 வயதிலிருந்து 30 வயதுவரை கேட்டவைதான் முதுமையில் அதிகம் நினைவில் நிற்கும். அப்பாவுக்கு 1950களும் 60களும் சரியாகப் பொருந்துகின்றன. இதைப் படிக்கும் வேறு யாராவது 65 வயதுக்காரருக்குச் செய்வதானால், இதே பட்டியல் பலிக்காது. 1970, 80களைத் தேடுங்கள்.

"ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சையாகிவிடும். "இந்த பியானோ யாரு?" "இதை எங்கே கேட்டீங்க?" என்றால் பேச்சு வரும். நாள் முழுக்க ஓடவிட வேண்டாம், இரண்டாம் வாரமே காது அதை ஒதுக்கிவிடும்.

ஒன்று முக்கியம். இந்தச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், தூக்கமோ பசியோ குறைந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். பாட்டு துணைக்குத்தான்.

---

திருச்சி_மலர்:

மிக்க நன்றி எல்லாருக்கும். லேபிள் பார்த்தேன், ஜெர்ரி லீ லூயிஸ் எல்லாம் ஸ்மாஷ்! சன் பதிவைப் போட்டதும் அப்பா தலையாட்டினார். ஆனால் "எவ்ரிடே"வில் அந்த மணியோசை வரும்போது காதில் கீச்சென்று நடுங்குகிறது என்கிறார். பரணில் பழைய 78, 45 (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ரெக்கார்டுகளும் ஒரு பெட்டி இருக்கிறதாம். அவற்றைப் போட்டுப் பார்க்கலாமா?

---

செவிக்கூர்மை:

மலர் அக்கா, அந்த நடுக்கம் பெரும்பாலும் மெஷினின் வேலை, காதுடையது இல்லை. காது மெஷின் பேச்சுக்காகச் செய்தது. விசிலடிப்பதைத் தடுக்கும் வசதி அதில் உண்டு. செலஸ்டா போன்ற தூய, நீளும் ஓசையை விசில் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அதை அழிக்கப் பார்க்கும், அப்போதுதான் நடுங்கும். மெஷின் வாங்கிய இடத்தில் இசைக்கென்று தனி புரோகிராம் ஒன்று போடச் சொல்லுங்கள். விசில் தடுப்பு குறைந்தபட்சம், இரைச்சல் குறைப்பு நிறுத்தம், மைக் எல்லாப் பக்கமும் கேட்பதாக, ஒலிச்சுருக்கம் மெதுவானதாக. இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்குப் புரியும்.

புளூடூத்தில் நேராக மெஷினுக்கு அனுப்ப வேண்டாம். காதில் திறந்த முனை வைத்திருந்தால் கீழ்ச்சுரம் வெளியே கசிந்துவிடும், எல்விஸுக்கு வாசித்த பில் பிளாக் தட்டுகிற டபுள் பேஸ் (ஆளுயரப் பெரிய வயலின் போன்ற வாத்தியம்) காணாமல் போகும். ஃபோன் ஸ்பீக்கரிலும் அது வராது. நடுத்தர அளவு ஸ்பீக்கர் ஒன்றை முகத்துக்கு நேரே ஒரு மீட்டர் தூரத்தில், காது உயரத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் குழம்பும். ஈக்வலைசரில் 100–200 ஹெர்ட்ஸை 3 டெசிபல் ஏற்றலாம். 8000 ஹெர்ட்ஸை ஏற்றாதீர்கள், பழைய டேப்பின் இரைச்சல் குடியிருப்பது அங்கேதான். சத்தத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் போடுவது அதில் சிறு பங்கு. ஆனால் வயதான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, சற்று ஏற்றினாலே வலிக்கும். அதனால் படிப்படியாக ஏற்றுங்கள்.

---

பழந்தட்டு:

போடலாம், ஆனால் ஒரே ஊசியில் இரண்டையும் போடாதீர்கள். 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்கு 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான் ஊசி வேண்டும். 45க்கு 1 மில், 25 மைக்ரான். அந்தச் சிறிய ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு கரகரப்பை மட்டும் எடுக்கும். 78 ஊசியை 45இல் வைத்தால் தட்டே பாழ்.

78 பெரும்பாலும் ஷெல்லாக் (அரக்கு). அதை ஸ்பிரிட்டாலோ ஆல்கஹாலாலோ துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, நடுவிலுள்ள காகித லேபிளை நனைக்காமல் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, உடனே உலர்த்துங்கள். அமெரிக்க 45களில் சில ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அவற்றுக்கும் ஆல்கஹால் ஆகாது. கொல்கத்தா டம்டம் ஆலையில் 1960களிலும் 78 அச்சிட்டார்கள், பீட்டில்ஸ் பாட்டுகூட அப்படி வந்தது. அதனால் பெட்டியில் தேதி பிந்திய 78 இருந்தால் போலி என்று தூக்கிப் போடாதீர்கள்.

45இன் நடுத்துளை 38 மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் அடாப்டர் தேவை. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோவானால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ சுவிட்சைப் போடுங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வருகிற இரைச்சல் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். வேகம் பார்க்க ஸ்ட்ரோப் தாள் (சுழலும்போது அதன் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி) வாங்கும்போது 50 ஹெர்ட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்கத் தாள் 60 ஹெர்ட்ஸுக்கானது. சில எல்ஈடி விளக்கில் கோடுகள் தெரியாது, பழைய குண்டு பல்பில் பாருங்கள்.

பரணிலிருந்து இறக்கும்போது தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடத்த வேண்டாம். செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். விரிசல் இருக்கிற தட்டில் ஊசியை வைக்கவே வேண்டாம்.