ஈரச்சாக்கு போட்டும் கீரை மஞ்சளாகிறது, என்ன செய்ய?

காய்க்கடை அக்கா:
வேடசந்தூர் பக்கம், பஸ் நிற்கிற வேப்பமரத்தடியில் காய்க்கடை. கரண்ட் கிடையாது. வாரம் மூன்று நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சரக்கு எடுக்கிறேன், மூன்று கடைக்காரர் சேர்ந்து ஒரு குட்டியானை. 14 கிலோ தக்காளிப் பெட்டியில் நசுங்கியது போக 12 தேறினால் அன்றைக்கு நரி முகத்தில் விழித்திருக்கிறேன் என்று அர்த்தம். காலை 9 மணியோடு வியாபாரம் ஓய்ந்துவிடும், அப்புறம் சாயங்காலம் மில் பஸ் வந்தால்தான். மிச்சக் காயையெல்லாம் ஈரச்சாக்கில் மூடி வைக்கிறேன். விடிந்து பார்த்தால் தண்டுக்கீரை மஞ்சள், வெள்ளரி தொளதொள. கீரைக்கட்டில் நிற்கிற லாபமே இரண்டு மூன்று ரூபாய்தான்.

மண்டியில் இருந்தவன்:
தக்காளியும் கீரையும் ஒரே சாக்கிலா அக்கா?

காய்க்கடை அக்கா:
ஆமாம். இருப்பதே ஒரு நல்ல சாக்கு.

மண்டியில் இருந்தவன்:
அதுதான் வினை. பழுக்கிற தக்காளி எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருக்கிற கீரை அதில் மஞ்சளாகும், வெள்ளரியும் கெடும். சாக்கைக் கீரைக்கு மட்டும் போடுங்கள். தக்காளிக்கு ஈரமே ஆகாது, காம்புப் பக்கம் அழுகும். நிழலில், காற்றுப்படப் பரப்பினால் போதும்.

செங்கல்காரர்:
டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் சொன்ன குளிர் தொட்டி ஒன்று உண்டு. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் மூன்று அங்குலம் இடம் விட்டு ஆற்றுமணல். காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே வைக்கோல் தட்டி. சித்திரை வெயிலில் உள்ளே 10 டிகிரிக்கு மேல் குறையும். ஐப்பசி மழையில் பிரயோசனமில்லை. வெங்காயம், உருளையை அதில் வைத்துவிடாதீர்கள், முளைத்துவிடும்.

சந்தைக்காரன்:
தொட்டி கட்டுவதற்குள் ஆடி வந்துவிடும். மில் பஸ் வந்ததும் தக்காளியைக் கூறு கட்டி 20 ரூபாய் என்று வையுங்கள். தராசை எடுத்தால்தான் பேரம் பேசுவார்கள்.

காய்க்கடை அக்கா:
கூறு போட்டால் புரட்டிப் பார்த்துவிட்டு, "கருவேப்பிலை எங்கே?" என்பார்கள். கொத்தமல்லி விலை ஏறிக் கிடக்கிற நாளிலும் கொசுறு கொடுக்காவிட்டால் முகம் சுண்டிவிடும், அது தனிக் கதை.

நேற்று தக்காளியைப் பிரித்து வைத்தேன். காலையில் ஐந்து கட்டுக் கீரை மிச்சம், ஆனால் பச்சையாகவே இருந்தது. பழைய செங்கல் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆற்றுமணலுக்கு எங்கே போவேன்? எம்சாண்ட் ஆகுமா?