மாட்டெரு ஏற்றும் டிரெய்லருக்கு எந்த டயர் போடலாம்?

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்):

என்னிடம் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று இருக்கிறது. ஆறடி அகலம், பத்தடி நீளம், பழசாக வாங்கியது. ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் ஒரு பண்ணையில் மக்கிய மாட்டெரு தருகிறார்கள். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை பிக்கப்பில் மாட்டிக்கொண்டு போய் ஏற்றி வருவேன். கத்தரியும் முருங்கையும் இந்த ஊர் களிமண்ணில் வருவதே அந்த எருவால்தான்.

போன மாதம் திரும்பி வரும்போது, மதியம் இரண்டு மணி வெயிலில், கான்ரோ ஊரைத் தாண்டும் முன்பே ஐ-45 ஹைவேயில் வலது டயர் வெடித்துவிட்டது. மட்கார்டைக் கிழித்துக்கொண்டு ரப்பர் பட்டையாகப் பறந்தது. பின்னால் வந்த கார் மேல் படாதது கடவுள் புண்ணியம். மகன் பக்கத்து சீட்டில் இருந்தான். இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான்: டயரில் பட்டன் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மொட்டை டயர் இல்லை. 35 பிஎஸ்ஐ காற்றும் காலையில்தான் அடித்தேன்.

டயர் கடையில் கேட்டால், "205/75 15 தானே, அதே அளவில் கார் டயர் இருக்கிறது, விலையும் பாதி" என்கிறார்கள். இணையத்தில் தேடினால் எஸ்டி, எல்டி, ரேடியல், பயாஸ், லோடு சி, லோடு டி என்று போகிறது. கார் டயரையே போட்டுவிடலாமா? டிரெய்லரின் தகட்டில் மொத்த எடை 2,990 பவுண்டு என்று போட்டிருக்கிறது.

நாமக்கல் லாரிக்காரர் மகன் (டாலஸ்):

தம்பி, முதலில் உங்கள் மகனுக்கும் உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது போதும். நான் பத்து வருடமாக வார இறுதிகளில் கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம், அடுப்பு, மேசை எல்லாம் டிரெய்லரில் ஏற்றி டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் என்று ஓடுகிறேன். பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த 35 பிஎஸ்ஐதான் உங்கள் டயரைக் கொன்றது என்று நினைக்கிறேன். 35 என்பது கார் டயருக்கான காற்று. எஸ்டி என்பது டிரெய்லருக்கென்றே செய்த டயர்; லோடு சி, லோடு டி என்பது எவ்வளவு எடை தாங்கும் என்ற தரம். எஸ்டி 205/75 15 லோடு சி டயர் 1,820 பவுண்டு தாங்குவது 50 பிஎஸ்ஐ இருந்தால்தான். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டு மடங்கி மடங்கி உள்ளே சூடு ஏறும். மேலே ஆகஸ்ட் வெயில், கீழே கொதிக்கும் ரோடு. பட்டன் எவ்வளவு இருந்தாலும் உள்ளே நூல் விட்டுவிடும்.

எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள்? அந்த ரோட்டில் ஊருக்கு வெளியே 75 மைல் போகலாம். ஆனால் எஸ்டி டயரில் வேக எழுத்து எதுவும் போடவில்லை என்றால் 65க்கு மேல் போகக் கூடாது. இப்போது வரும் சிலவற்றில் எல் என்று இருக்கும், அது 75 வரை. எம் என்றால் 81. எந்த எழுத்து இருந்தாலும் நான் லோடோடு 65ஐத் தாண்டுவதில்லை.

கார் டயர் விஷயம். அளவு ஒன்றாக இருப்பதால் ரிம்மில் உட்காரும், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த அளவு கார் டயரில் லோடு எண் 97 என்றால் 1,609 பவுண்டு. அதையே டிரெய்லரில் போட்டால் 1.1ஆல் வகுத்துத்தான் கணக்குப் போட வேண்டும், 1,463 ஆகிவிடும். இரண்டு டயருக்கும் சேர்த்து 2,926. உங்கள் தகட்டில் 2,990. கொக்கிப் பக்கம் பத்துப் பதினைந்து சதவீதம் பிக்கப் மேல் இறங்கும், வாஸ்தவம்தான். ஆனால் எரு எப்போதும் நடுவிலேயே சமமாக உட்காருமா? ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க டயருக்குத்தான் பாடு. அதைவிட முக்கியம், கார் டயரின் பக்கவாட்டு மென்மையானது, சவாரிக்காகச் செய்தது. பாரம் உயரமாக இருந்தால் டிரெய்லர் வாலாட்டும். விலை பாதி என்பதற்காக அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

எல்டி, அதாவது பிக்கப் மாதிரி சின்ன ட்ரக்குகளுக்கான டயர், நல்ல டயர்தான். 16 அங்குல ரிம் உள்ள பெரிய டிரெய்லர்களில் நானே விரும்பிப் போடுவேன். உங்கள் 15 அங்குலத்துக்கு இந்த அளவில் எல்டி தேடி அலைய வேண்டாம்.

நீங்கள் வாங்க வேண்டியது எஸ்டி 205/75 ஆர் 15. நடுவில் ஆர் இருக்க வேண்டும், அதுதான் ரேடியல், உள்ளே நூல் நேர்குறுக்காக ஓடும். அந்த இடத்தில் டி இருந்தால் பயாஸ், நூல் சாய்வாக ஓடும். பக்கத்துத் தெரு வரை புல்வெட்டி ஏற்றிப் போகிறவர்களுக்குப் பயாஸ் போதும், ஆணி கல்லுக்கும் தாங்கும். எழுபது மைல் ஹைவேயில் ஓடும் உங்களுக்கு ரேடியல்தான், சூடு குறைவு. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது என்று மட்டும் கலக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

எடை தாங்கும் தரத்தில் லோடு டி எடுங்கள் என்பேன், இந்த டி வேறு. 65 பிஎஸ்ஐயில் 2,150 பவுண்டு. அதில் 50 அடித்தாலும் சி தாங்கும் அதே 1,820 தாங்கும், ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் ரிம்மின் உள்பக்கம் எவ்வளவு எடை, எவ்வளவு காற்று என்று பொறித்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் வால்வின் எல்லையும் 65தான், புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயர் பெரிதாகிவிட்டது என்று 2,990ஐத் தாண்டி ஏற்றினால் அச்சும் பேரிங்கும் சும்மா விடாது.

எங்கள் அப்பா நாமக்கல்லில் ஒரே லாரி வைத்திருந்தார். டீ குடிக்க நிறுத்தினால் டம்ளரைத் தொடும் முன் வண்டியை ஒரு சுற்று வருவார். கிளீனர் கட்டையால் தட்டிக்கொண்டே போவான், இவர் பின்னாலேயே ஒவ்வொரு டயரையும் ஹப்பையும் புறங்கையால் தொடுவார். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கு அது சரியாகும் வரை வண்டி நகராது. நானும் இன்று வரை ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் அதைச் செய்கிறேன். செய்து பாருங்கள், அரை நிமிடம்தான்.

வெடித்த டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொல்லைத்தோட்டம்:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிகவும் நன்றி. 72, 73 மைல் வேகத்தில் வந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். 3114 என்று இருக்கிறது.

நாமக்கல் லாரிக்காரர் மகன்:

2014இன் 31ஆவது வாரம் செய்தது. பத்து வயதைத் தாண்டிவிட்டது! டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது குறைவு, நின்ற இடத்திலேயே கிழடாகிச் சாகும். ஐந்தாறு வருடத்தில் பட்டனைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இடது பக்கமும் அதே வயதுதான் இருக்கும், அதில் இனி ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். கடையில் வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். அலமாரியிலேயே மூன்று வருடம் கிடந்ததைப் புதிது என்று தருவார்கள்.

செல்வி (சான் அன்டோனியோ):

வெயில் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எங்கள் டிரெய்லர் வருடத்தில் பத்து மாதம் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கிறது. முதல் ஜோடி டயர் மேற்கு வெயில் பட்ட பக்கம் மட்டும் பொடிப்பொடியாக வெடிப்பு விட்டது, மறுபக்கம் நன்றாகவே இருந்தது. இப்போது சக்கரத்துக்கு உறை மாட்டி, கீழே பலகை வைத்துத்தான் நிறுத்துகிறோம்.

அப்புறம், ஸ்டெப்னி வாங்கும்போது டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரும் வாங்கி வையுங்கள். நாங்கள் ஒரு தடவை நடுரோட்டில் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் கையில் இருந்தும் காரின் ஸ்பானர் சேராமல் இரண்டு மணி நேரம் நின்றோம்.

கொல்லைத்தோட்டம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ரேடியல், லோடு டி, ஸ்டெப்னியோடு மூன்று வாங்கினேன். ரிம்மில் 65 வரை அனுமதி இருந்தது, வால்வும் புதிது. செல்வி அக்கா சொன்ன ஸ்பானரும் வாங்கிவிட்டேன். கடைக்காரர் முதல் 50 மைலில் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னார். இரண்டு நட்டு உண்மையாகவே கால் சுற்று இளகியிருந்தது.

நேற்று வழக்கம்போல் லோடர் பக்கெட்டால் இரண்டு பக்கெட் எரு போட்டுக்கொண்டு, வரும் வழியில் லாரிகள் நிற்கும் இடத்து எடை மேடையில் ஏற்றினேன். டிரெய்லர் அச்சு மட்டும் 3,180 பவுண்டு. முந்தைய நாள் மழையில் எரு நனைந்திருந்தது. பழைய டயரில் இத்தனை வருடம் இதைத்தான் ஏற்றிக்கொண்டு 72, 73 மைல் வேகத்தில் வந்திருக்கிறேன்.

அங்கேயே ஓரமாக நிறுத்தி, மகனும் நானும் டயரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே சூடு. ஆனாலும் 55க்கு மேல் போகாமல் சர்வீஸ் ரோட்டிலேயே வீடு வந்து சேர்ந்தோம். இனி ஒன்றரை பக்கெட்தான், மழை பெய்திருந்தால் ஒன்று.