வெள்ளைக் கட்டை மட்டும்தான் வாசித்தேன், சோகம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: லேட் பிக்கப்

46 வயதில் கீபோர்டு பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. மேஜர் ஸ்கேல் (சுர வரிசை) என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

போன வாரம் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டேன். கறுப்புக் கட்டைப் பக்கமே விரல் போகவில்லை, எல்லாம் வெள்ளை. அப்படியானால் சி மேஜர்தானே? குதூகலமான மெட்டு என்று நினைத்து அக்காவுக்குப் பதிவு செய்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன்: "என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஏழு சுரமும் மேஜருடையது. அப்புறம் சோகம் எங்கிருந்து வந்தது? மைனரில் அமைந்த எத்தனையோ பாட்டுக்கு ஆட்டம் போடுகிறோமே, அது மட்டும் எப்படி?

பதில்: பழைய ஆர்மோனியம்

மெட்டு கடைசியில் எந்தச் சுரத்தில் போய் உட்காருகிறது? ஏ என்று பந்தயம் கட்டுகிறேன்.

அந்த ஏழு வெள்ளைக் கட்டையும் சி மேஜருக்கு மட்டும் சொந்தமில்லை, ஏ மைனருக்கும் அதே ஏழுதான். கர்நாடக சங்கீதத்தில் இதற்குக் கிரக பேதம் என்று பெயர்: சி மேஜர்தான் நம் சங்கராபரண ராகம், அதன் தைவதத்தை ('த', இங்கே ஏ) ஷட்ஜமாக ('ச') வைத்தால் நடபைரவி ராகம் வந்துவிடும். காது எதை வீடு என்று எடுத்துக்கொள்கிறதோ, அங்கிருந்துதான் மற்றதை அளக்கும். சி வீடானால் ஈ நாலு அரைச்சுரம் (கறுப்பும் சேர்த்து நாலு கட்டை) தள்ளி இருக்கிறது, அந்தர காந்தாரம், அதாவது பெரிய 'க'. ஏ வீடானால் சி மூன்றே அரைச்சுரத்தில் வந்துவிடும், அது சாதாரண காந்தாரம், சின்ன 'க'. மேஜர், மைனர் என்று பேசுவதில் பாதி இந்தக் காந்தாரப் பஞ்சாயத்துதான்.

சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு ஈ-யில் இருக்கும் விரலை மட்டும் இடப்பக்கக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்துங்கள். நாற்பது வருடமாக வாசிக்கிறேன், இன்றைக்கும் அந்த இடத்தில் பக்கத்தில் இருந்த ஒருவர் சொல்லாமல் எழுந்து போன மாதிரி இருக்கும்.

பதில்: குரல் கணக்கு

காந்தாரம் சரி. வேகம் என்ன, அதைச் சொல்லவில்லையே? 2001-இல் வந்த ஓர் ஆய்வில் ஐந்து வயதுக் குழந்தைகள் வேகத்தை வைத்துத்தான் ஒரு மெட்டு மகிழ்ச்சியா சோகமா என்று சொன்னார்கள். மேஜர், மைனர் வித்தியாசம் ஆறு வயதுக்கு மேல்தான் பிடிபட்டது. ஆக, காதுக்கு முதலில் எட்டுவது வேகம்.

இன்னொன்று, தமிழர்களுக்குச் சுவாரஸ்யமானது. 2012-இல் ஓர் ஆய்வுக் குழு கர்நாடக இசையையும் தமிழ்ப் பேச்சையும் ஒரு பக்கம், மேற்கத்திய இசையையும் ஆங்கிலப் பேச்சையும் மறுபக்கம் வைத்துப் பார்த்தது. உற்சாகத்தில் குரல் பெரிய தாவலாகத் தாவுகிறது, சோர்வில் சின்னச் சின்ன அடியாக நகர்கிறது. இரண்டு மொழியிலும் அப்படித்தான், இரண்டு இசையிலும் அதே போக்கு. உங்கள் அக்கா மெட்டைக் கேட்கவில்லை, உங்கள் குரலைக் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: சும்மா வந்தவன்

எல்லாம் பாட்டு வரியில்தான் இருக்கிறது. வரி சோகம் என்றால் பாட்டு சோகம்.

லேட் பிக்கப்

வரியே இல்லாத மெட்டுங்க இது.

ஆர்மோனியம் ஐயா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். ஏ-யில்தான் முடிகிறது, நடுவிலும் நாலு முறை அங்கேயே போய் நின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. வேகம் நிமிடத்துக்கு 58 தட்டு. குரல் கணக்கு சொன்ன மாதிரி எல்லாம் பக்கத்துக் கட்டைக்குப் பக்கத்துக் கட்டை, தாவலே கிடையாது (தாவினால் தப்பான கட்டையில் விழுவேன், அதுதான் காரணம்).

நேற்று இரண்டு விதமாக மாற்றி வாசித்து அனுப்பினேன். முதலாவது, அதே 58-இல், நிற்கும் இடங்களையெல்லாம் சி-க்கு மாற்றியது. அக்கா: "தேவலாம். ஆனா நீ சரியா தூங்குறியா?"

இரண்டாவது, பழையபடி ஏ-யிலேயே முடித்து, வேகத்தை மட்டும் 126-க்கு ஏற்றியது. இதற்கு அக்கா கூப்பிடவே இல்லை. அவள் பையன்தான் செய்தி அனுப்பியிருந்தான்: "மாமா, இது எந்த கேம்ல வர்ற சண்டை?"