டிகிண்டரில் கோப்புப் பட்டியலை நிரப்பும்போது ஜன்னல் உறைகிறது, உதவுங்கள்

வணக்கம். பைத்தானில், ஜன்னல்களை உருவாக்கித் தரும் டிகிண்டர் நூலகத்தை வைத்து, சின்னதாக ஒரு டெஸ்க்டாப் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் அதிலுள்ள கோப்புகளின் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய தேதி மூன்றும் ஜன்னலில் வரிசையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதலில் லிஸ்ட்பாக்ஸ் (எளிய பட்டியல் பெட்டி) போட்டேன், அதில் தனித்தனி நெடுவரிசைக்கு வழியில்லை என்று தெரிந்ததும், அட்டவணையாகக் காட்டும் ட்ரீவியூவுக்கு மாறினேன். அளவை எடுக்கப் போனால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடும் லிஸ்ட்டிர் வெறும் பெயரை மட்டும் தருகிறது, ஃபோல்டரின் பாதையை நாம்தான் முன்னால் சேர்க்க வேண்டும் என்று உறைத்தது. சரி, இப்போது பாதையையும் சேர்த்தே தரும் ஸ்கேன்டிருக்கு மாறிவிட்டேன்.

இருபது முப்பது கோப்பு என்றால் பிரச்சினை இல்லை. 40,000 படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் ஜன்னல் வெளுத்துப்போய் அப்படியே நிற்கிறது, மூடக்கூட முடியவில்லை. என் லூப் முடியும்வரை, ஜன்னலை இயக்கும் மெயின்லூப்புக்கு முறை வராததுதான் காரணம் என்பது புரிகிறது. தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் வேலையாக) ஓடவிட்டு அங்கிருந்தே ட்ரீவியூவைத் தொட்டேன் (தொடக்கூடாதாம்), சில நேரம் ஓடியது, சில நேரம் செயலியே விழுந்தது. த்ரெட் படித்து க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போடட்டும், சிறிது நேரம் கழித்து ஒரு வேலையை ஓடவிடும் ஆஃப்டர் வைத்து இருநூறு இருநூறாக எடுத்து ட்ரீவியூவில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியான வழியா, இல்லை திரையில் தெரியும் வரிகளை மட்டும் நிரப்ப ஏதாவது உத்தி உண்டா?

அப்புறம் இன்னொன்று, பெயர்வாரியாக அடுக்கினால் படம்10 போய் படம்2க்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்க சார்ட்டுக்கு (வரிசைப்படுத்தும் கட்டளைக்கு) நீங்கள் என்ன கீ (எதை வைத்து ஒப்பிடுவது என்ற விதி) கொடுப்பீர்கள்? கூடுதல் நூலகம் எதுவும் நிறுவாமல் முடிந்தால் நல்லது.