கொடுங்கோலனா, கவர்கோனா? ஒரு கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கிரேக்க வரலாற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நம் நண்பர் முந்தாநாள் அனுப்பிய வரியை மறுபடி இங்கே ஒட்டுகிறேன்.

> "கொடுங்கோலன் பிசிஸ்ட்ரேட்டஸ் நடப்பிலிருந்த சட்டங்களை மாற்றாமல் ஏதென்ஸை நன்றாக ஆண்டான்." மூலத்தில் இருப்பது இதுதான். ஆனால் தமிழில் படித்தால் சிரிப்பு வருகிறதே?

வரத்தான் செய்யும். தப்பு மொழிபெயர்ப்பாளர் மேல் இல்லை. 'டுரன்னோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஆங்கில 'டைரண்ட்' வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு நாம் 'கொடுங்கோலன்' வைத்தோம். பிறகு அதையே கொண்டுபோய் கிரேக்கர் தலையில் கட்டிவிட்டோம். இடையில் பொருள் மாறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

டுரன்னோஸ் கிரேக்க வேர்ச்சொல்லே இல்லை, லிடியா (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த நாடு) பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிலோக்கஸ் என்ற கவிஞர் லிடிய அரசன் கைஜஸைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சொல்லின் குடும்பம் நமக்கு முதலில் கிடைக்கிறது. அப்போது அதில் கொடுமை ஏதும் இல்லை. ஆட்சி பரம்பரையாக வரவில்லை, தானாக எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். எப்படி ஆண்டான் என்பதைச் சொல் சொல்லவில்லை. எப்படி வந்தான் என்பதை மட்டும் சொன்னது.

சொஃபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத் தலைப்பில் இந்தச் சொல்தான் இருக்கிறது. தீப்ஸ் மக்கள் கண்ணில் அவன் வெளியூர்க்காரன், விடுகதையை அவிழ்த்து அரியணைக்கு வந்தவன். கடைசியில்தான் அவனே முந்தைய அரசனின் மகன் என்று தெரிகிறது. அதாவது டுரன்னோஸ் என்று நினைத்தவன் வாரிசாக இருந்துவிடுகிறான். அங்கே 'கொடுங்கோலன் ஈடிபஸ்' என்று போட்டால் நாடகமே கெட்டுப்போகும்.

இப்போது நம் சொல்லைப் பாருங்கள். செங்கோல், கொடுங்கோல் இரண்டும் கோலின் குணத்தைப் பேசுபவை. நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள், 55உம் 56உம். கோல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை எப்படிப் பிடிக்கிறான் என்பதே கேள்வி. ஆக, முறைப்படி முடிசூடிய பரம்பரை மன்னனும் கொடுங்கோலன் ஆகலாம். கிரேக்கச் சொல்லோ, இந்தக் கோல் உன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் டுரன்னோஸைக் கெட்டவனாக்கியது உண்மைதான். தன் நலத்துக்காக ஆள்பவன் என்று அரிஸ்டாட்டில் வரையறுத்தார். அந்த இடங்களில் கொடுங்கோல் ஓரளவு பொருந்தும். ஆனால் நண்பர் மொழிபெயர்க்கும் அத்தியாயம் மக்களாட்சி எப்படித் தனியாள் ஆட்சியாக மாறியது என்பதைப் பற்றியது. அங்கே வந்த வழிதான் முக்கியம். அவர் வைத்திருக்கும் தலைப்பு 'குடியாட்சியிலிருந்து முடியாட்சிக்கு'. எதுகை அருமை. ஆனால் நடுவில் ஒரு படி காணாமல் போகிறது. அந்தப் படிக்குத்தான் நமக்குச் சொல் இல்லை.

அது எப்படிப்பட்ட படி என்பதற்கு சிசிலித் தீவின் சிராகுஸ் நகரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. கி.மு. 466இல் பழைய ஆட்சிக் குடும்பத்தை விரட்டிவிட்டு அங்கே மக்களாட்சி வந்தது, ஏறக்குறைய 60 ஆண்டு நின்றது. 413இல் படையெடுத்து வந்த ஏதென்ஸைத் தோற்கடித்தது இந்த மக்களாட்சிதான். 406இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் படை அதே தீவின் அக்ரகாஸ் நகரைப் பிடித்துவிட, சிராகுஸில் பீதி. குடிமக்கள் கூடும் பேரவையில் யாரும் வாய் திறக்காத நேரத்தில் இருபத்தைந்து வயது டயோனிசியஸ் எழுந்து, தளபதிகள் எல்லாரும் விலைபோய்விட்டார்கள் என்று கத்தினான். ஒழுங்கை மீறிப் பேசியதற்கு அபராதம் போட்டார்கள். ஃபிலிஸ்டஸ் என்ற பணக்காரர், பின்னாளில் வரலாறு எழுதியவர், அபராதத்தை நான் கட்டுகிறேன், நாள் முழுக்கப் போட்டாலும் கட்டுகிறேன், நீ பேசு என்றார். பேசினான். தளபதிகள் பதவி இழந்தார்கள், புதியவர்களில் ஒருவனாக இவனையும் தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்ச நாளில் சக தளபதிகளும் துரோகிகள் என்றான். பேரவை இவனையே முழு அதிகாரம் கொண்ட ஒற்றைத் தளபதி ஆக்கியது.

அப்புறம் படையோடு லியோன்டினி ஊருக்குப் போய் முகாமிட்டான். ராத்திரி தன்னைக் கொல்ல வந்தார்கள் என்று கூச்சல் போட்டுக் கோட்டைக்குள் ஓடினான். விடிந்ததும் கூட்டம் கூடி 600 மெய்க்காவலர்களை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. அவன் 1,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டான். 405இல் ஆட்சி அவன் கையில். 367இல் சாகும்வரை, 38 ஆண்டுகள், விடவில்லை.

மெய்க்காவலர் தந்திரம் பழசு. பிசிஸ்ட்ரேட்டஸ் கி.மு. 561 வாக்கில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு சந்தைக்கு வந்து, எதிரிகள் வேலை என்று சொல்லித் தடிக்காரர்களை வாங்கிக்கொண்டான். மெகரா என்ற கிரேக்க நகரத்தில் தியாகெனிசும் அப்படித்தான். காவலாள் கேட்கிறான் என்றால் ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறான் என்பதற்கு இந்த மூவரையுமே அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு படியிலும் பேரவை கை தூக்கியிருக்கிறது. பின்னாலும் பேரவை கூடிக்கொண்டுதான் இருந்தது. டயோனிசியஸ் தன்னை அரசன் என்று அறிவிக்கவில்லை. கி.மு. 393இல் ஏதென்ஸ் அவனைப் பாராட்டிக் கல்லில் வெட்டிய தீர்மானம் 'சிசிலியின் ஆர்க்கோன்' என்கிறது, அதாவது ஆட்சித் தலைவர். பிடித்தது பாதி, மக்களை மயக்கி வாங்கியது பாதி. இந்த இரண்டும் ஒரே சொல்லில் வரவேண்டும்.

இதுவரை குழுவில் வந்த பரிந்துரைகள்:

> சர்வாதிகாரி?

இது ரோமானியரின் டிக்டேட்டருக்கும் 20ஆம் நூற்றாண்டு ஆட்களுக்கும் போய்விட்டது. திரும்பப் பிடுங்க முடியாது.

> வல்லாட்சி?

நல்ல சொல்தான். வலிமை வருகிறது, வந்த வழி வரவில்லை.

> தான்தோன்றி அரசன்?

பொருள் கச்சிதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தான்தோன்றித்தனம்' என்ற வழக்கு அதைத் திட்டாக்கிவிட்டது. மறுபுறம் தான்தோன்றீஸ்வரர் ஞாபகமும் வரும். ஒரு பக்கம் வசவு, ஒரு பக்கம் சாமி.

நான் முன்வைப்பது கவர்கோன். ஆட்சிக்குக் கவர்கோன்மை.

'கவர்' என்றால் பறிப்பது. மனத்தைக் கவர்வதும் அதே வினைதான். பேரவையில் பேசி மயக்கியவனும் கோட்டையைப் பிடித்தவனும் ஒரே ஆள் என்பதை இந்த வினை தானாகவே சொல்லிவிடுகிறது. வினைத்தொகை என்பதால் 'கவர்க்கோன்' என்று எழுதவேண்டாம், ஒற்று மிகாது.

இலக்கண நண்பர்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கொடுங்கோன்மையில் இருப்பது கோல் + மை. என் சொல்லில் இருப்பது கோன் + மை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிறப்பு வேறு. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கவர்ந்த கோல் என்று யாராவது பிரித்துக்கொண்டாலும் பொருள் கெடாது. ஐஸ்க்ரீம் கோன் ஞாபகம் வருகிறது என்று என் மகள் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் வரியை மாற்றிப் போட்டால்: "கவர்கோன் பிசிஸ்ட்ரேட்டஸ் நடப்பிலிருந்த சட்டங்களை மாற்றாமல் ஏதென்ஸை நன்றாக ஆண்டான்." சிரிப்பு போய்விட்டது, இல்லையா?

கொடுங்கோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கி.மு. 404இல் ஏதென்ஸில் ஸ்பார்ட்டாவின் தயவில் உட்கார்ந்த முப்பது பேர் சில மாதங்களில் 1,500 பேரைக் கொன்றார்கள். அவர்களைத் தாராளமாகக் கொடுங்கோலர் எனலாம். பெயராகக் கேட்டால் 'முப்பதின்மர்' போதும், கிரேக்கரும் வெறுமனே அந்த எண்ணைச் சொல்லித்தான் அழைத்தார்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. டயோனிசியஸுக்குக் கிடைத்த பதவி 'ஸ்ட்ரடெகோஸ் ஆட்டோக்ரடோர்'. இதற்கும் 'சர்வாதிகாரத் தளபதி' போடக் கை வரும், போடாதீர்கள். 415இல் சிசிலிக்கு அனுப்பிய மூன்று தளபதிகளுக்கும் ஏதென்ஸ் மக்களாட்சியே இதே அதிகாரத்தைக் கொடுத்தது. ஊரைக் கேட்காமல் களத்தில் முடிவெடுக்கலாம் என்ற அளவில் அது சட்டப்படியான ஏற்பாடு. 'முழு அதிகாரத் தளபதி' என்று நான் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மூன்று சொல்லாக நீள்கிறது. இரண்டில் அடக்க முடிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.

பி.கு.: முடியாட்சி என்ற சொல்லை அலெக்சாண்டருக்குப் பிந்தையவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கி.மு. 306இல் அவருடைய தளபதியாக இருந்த ஆன்டிகோனஸ், அரச சின்னமான தலைப்பட்டை கட்டிக்கொண்டு அரசன் என்ற பட்டம் சூடினார், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். சிராகுஸின் அகதோக்ளிஸும் கவர்கோனாக இருந்து, அவர்களைப் பார்த்து அரசன் என்று அழைத்துக்கொண்டார். ஆனால் தலைப்பட்டை கட்டாமல் பழையபடி இலைமாலையையே தலையில் வைத்திருந்தாராம். வழுக்கையை மறைக்க என்று சிலர் சொன்னதாக வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். இரண்டு பொருளிலும் முடியில்லாத முடியாட்சி.