பொருள்: ‘நாக்கிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல், கிட் கார் டியூனிங் கையேட்டுக்காக

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். உடைத்த மாருதி எஸ்டீம் காரிலிருந்து எடுத்த 1.3 லிட்டர் ஜி13பிபி இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் நாமே கட்டும் கிட் காரில் ஏற்றி, மலையேற்றப் பந்தயத்துக்கு டியூன் செய்யும் கையேட்டில் மவுண்டிங், ரேடியேட்டர், வயரிங் பகுதிகள் முடிந்துவிட்டன. இக்னிஷன் பகுதி மட்டும் ‘நாக்கிங்’ என்ற சொல்லில் முட்டி நிற்கிறது. ‘வெடிப்பு’ என்று போடலாமா, ‘தட்டல்’ என்றே விட்டுவிடலாமா? பட்டறையில் படிக்கிற பையன் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ள வேண்டும்.

தக்கலையிலிருந்து:

அண்ணே, இரண்டும் வேண்டாம். சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு என்றால் நம்ம ஊர் லேத் பட்டறையில் விரிசல் என்றுதான் அர்த்தம். ‘தட்டல்’ டேப்பட் சத்தத்துக்கும், தேய்ந்த பிக் எண்ட் பேரிங் சத்தத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது. ‘இன்ஜின் தட்டுது’ என்று வருகிற வண்டியில் டைமிங்கைக் குறைத்துக்கொண்டிருந்தால், அதாவது பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், பேரிங் சுற்றிக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ‘நாக்கிங்’ என்ற ஒரே பெயரில் பட்டறையில் இரண்டு வேறு கோளாறுகளைச் சொல்கிறோம். மருந்து ஒன்றுக்கொன்று வேறு.

முதலாவது, பிளக் பொறி விட்ட பிறகு நடப்பது. தீ ஒரு பக்கமிருந்து பரவி வரும்போது, சிலிண்டரின் ஓரத்தில் இன்னும் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே ஒரே நேரத்தில் எரிந்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி, கணீரென்று உலோகச் சத்தம் கேட்கும். அதன் அதிர்வெண் சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்தது: 1800ஐ பை மதிப்பாலும் மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தாலும் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ வந்துவிடும். இந்த இன்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ. என்பதால் சுமார் 7.7 கிலோஹெர்ட்ஸ். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியும் அலுமினியத் துகளும் ஒட்டியிருந்தால் இதுதான். தொடர விட்டால் ரிங் உட்காரும் வரப்பு உடையும். டைமிங்கை 2 டிகிரி குறைத்தாலோ, பெட்ரோலைச் சற்றுக் கூட்டினாலோ, ஆக்டேன் (தானாக எரியாமல் தாங்கும் திறன்) உயர்ந்த பெட்ரோல் போட்டாலோ அடங்கும்.

இரண்டாவது, பொறி விழும் முன்பே பற்றிக்கொள்வது. கனன்று கிடக்கும் கரித்துண்டு, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் பிளக், மெலிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட் கேஸ்கெட், ஹெட்டை மட்டம் தட்டியபின் விட்டுப்போன கூர்முனை, இதில் ஏதோ ஒன்று தீ வைக்கும். மேலேறும் பிஸ்டன் ஏற்கெனவே எரியும் வாயுவை அமுக்குகிறது. பல நேரம் சத்தமே இருக்காது. பிளக் முனை உருகும், பிஸ்டன் நடுவில் ஓட்டை விழும். பொறிக்கு முன்பே பற்றிவிடுவதால் டைமிங்கைக் குறைத்து இதை நிறுத்த முடியாது. காரணமாக இருக்கும் சூட்டுப்புள்ளியை நீக்கினால்தான் தீரும். முதல் கோளாறே பிளக்கைச் சூடேற்றி இரண்டாவதை இழுத்து வருவதும் உண்டு. அதனால்தான் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே எப்போது பற்றுகிறது, என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். முதலாவதற்கு ‘அதிரெரி’, இரண்டாவதற்கு ‘முந்தெரி’ என்று வைக்கலாம். இரண்டும் வினைத்தொகை. ‘தன்னெரிவு’ வேண்டாம், இரண்டுக்கும் அது பொதுவாகப் பொருந்திவிடும். ‘பின்பற்றல்’ என்றால் வேறு பொருள் வந்துவிடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

‘அதிரெரி’க்கு முழு ஆதரவு. இதைக் கண்டுபிடிக்கும் சென்சாருக்கு ‘அதிரெரி உணரி’ என்று தானாகவே வந்து உட்காரும். ஆனால் ‘முந்தெரி’ இந்த மாவட்டத்தில் நிற்காது. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) இருக்கிற ஊரில் ‘முந்தெரி வந்திருக்கு’ என்று வேகமாகச் சொன்னால் முந்திரி என்றுதான் காதில் விழும். ‘முன்னெரி’ என்றால் போதும். வினைத்தொகை போய்விடுகிறது, போகட்டும். பொருள் தெளிவாக இருக்கிறது.

டைமிங் அட்வான்ஸுக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போதே பொறி விடுகிறோம் என்பதற்கு, ‘பொறிக்கோணம்’ என்று முன்பு இங்கே யாரோ எழுதியிருந்தார்கள். பொறி என்றால் இயந்திரமும்தான் என்பதால் அது இன்ஜின் சாய்ந்திருக்கும் கோணமாகவும் படும். ‘முந்துகோணம்’ போதும்.

உடைத்த வண்டியின் இன்ஜினில் இந்த இரண்டும் ஏன் அதிகம் என்பதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். பிஸ்டன் தலையில் படிந்த கரி, கம்ப்ரஷனையும் கூட்டும், கனலாகவும் நிற்கும். வால்வு சீல் தேய்ந்து உள்ளே வரும் ஆயில் கலவையின் ஆக்டேனைக் குறைக்கும். ஹெட்டை எத்தனை முறை மட்டம் தட்டினார்கள் என்று இரும்புக் கடைக்காரருக்குத் தெரியாது. கணக்குப் பாருங்கள்: ஒரு சிலிண்டர் சுமார் 324.5 சி.சி.; கம்ப்ரஷன் 9.5 என்று கொண்டால் மேலே மிஞ்சும் இடம் 38.2 சி.சி. ஹெட்டில் 0.5 மி.மீ. சீவினால் அதிகபட்சம் 2.15 சி.சி. குறையும், கம்ப்ரஷன் 10ஐத் தொட்டுவிடும். ஆகவே பியூரெட்டில் (அளவுக்குழாயில்) மண்ணெண்ணெய் ஊற்றி அறையின் கொள்ளளவை அளந்த பிறகே முந்துகோணத்தில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, கிராங்க் புல்லி. சிலவற்றில் நடுவிலும் வெளியிலும் இரும்பு, இடையில் ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் நழுவி, அதிலுள்ள குறி சில டிகிரி பொய் சொல்லும். எல்லா பிளக்கையும் கழற்றி, 1ஆம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் தடுப்பை (பிஸ்டனை வழியில் நிறுத்தும் தண்டை)த் திருகி, கிராங்க் போல்ட்டைக் கையால் சுற்றி, பிஸ்டன் தடுப்பில் முட்டும் இடத்தில் புல்லியில் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் பிஸ்டனின் உண்மையான மேல்நிலை. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தொட்டால் தடுப்பு பிஸ்டனைக் குத்திவிடும். எதிர்ப்பக்கம் சுற்றும்போது போல்ட் இளகினால் ஐந்தாவது கியரில் போட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

இருவருக்கும் நன்றி. அதிரெரி, முன்னெரி, முந்துகோணம் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். டியூனிங் பத்தி இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

“மலையேற்றத்தில் அதிரெரிக்கு மோசமான இடம் கொண்டை ஊசி வளைவைவிட்டு வெளிவரும் கணம். கீரிப்பாறை, பாலமோர் பக்கத்து ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் கியர், 2500 முதல் 3500 ஆர்.பி.எம்., ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதிபட்டிருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் ஓரத்துக் கலவை தானாக எரிய நேரம் கிடைக்கிறது. இந்தக் கட்டங்களில் முந்துகோணத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டவும். டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவியில்) டார்க் (முறுக்குவிசை) ஏறுவது நின்றாலோ, அதிரெரி கேட்டாலோ அங்கேயே நிறுத்தி, 2 டிகிரி பின்வாங்கவும். முழு மிதியில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.6 இருக்கட்டும். முன்னெரி அறிகுறி தெரிந்தால் ஒரு படி குளிர்ந்த பிளக் போடவும்; என்ஜிகேயில் எண் 6இலிருந்து 7. பாஷ் பிளக்கில் எண் வரிசை தலைகீழ். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. இந்தச் சோதனையைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டாம்.”

தக்கலையிலிருந்து:

ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

12.6 என்று விகிதத்தை எழுதாதீர்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரிவிகிதம் (காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் விகிதம்) 14.7, இப்போது பெட்ரோல் பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அது 13.5 அளவில்தான். நாம் வைக்கும் விகிதத்தைச் சரிவிகிதத்தால் வகுத்தால் வருவது லாம்டா. பழைய கணக்கில் 0.86 லாம்டாவாக இருந்த 12.6, இந்தப் பெட்ரோலில் 0.93 ஆகிவிடும். முழு மிதியில் அது மெலிந்த கலவை, நாமே அதிரெரியை வரவழைத்ததாகிவிடும். லாம்டா 0.86 முதல் 0.88 என்று போடுங்கள். எந்தப் பெட்ரோலுக்கும் பொருந்தும். புகையிலிருந்து கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரையும் லாம்டா காட்டும்படி மாற்றச் சொல்லுங்கள்.

அதிரெரி உணரியை 2ஆம், 3ஆம் சிலிண்டருக்கு நடுவே பிளாக்கில் போட வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில், வாஷர் இல்லாமல். நடுவில் ஓட்டையுள்ள பாஷ் வகைக்கு 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அந்த இடத்தில் பிராக்கெட் எதையும் சேர்த்து இறுக்கினால் அதன் ஆட்டத்தையும் உணரி அதிரெரி என்று எடுத்துக்கொண்டு, முந்துகோணத்தைக் காரணமில்லாமல் குறைத்துவிடும். கிட் காரில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கு இடம் தேடும்போது அந்தத் துளைதான் முதலில் கண்ணில் படும், அதைப் படத்தோடு போடுங்கள்.